ஏரா மரம் வைக்காத கப்பலுக்கு முன்பணம்: விண்வெளி விளையாட்டுகளின் காசுக் கணக்கு

போன மாதம் ஒரு ஞாயிற்றுக்கிழமை மத்தியானம் கம்ப்யூட்டரில் ஒரு கப்பலுக்கு விலை பார்த்துக்கொண்டிருந்தேன். பின்னால் சித்தப்பா வந்து நின்றதைக் கவனிக்கவில்லை. அவர் தங்கச்சிமடத்தில் லாஞ்சு வைத்திருப்பவர், முப்பது வருடமாகக் கடல்தான், கப்பல் என்று எதைப் பார்த்தாலும் அவர் முதலில் கேட்பது "எத்தனை அடி?" என்பது. சொன்னேன். "எங்க கிடக்கு?" என்றார். இன்னும் கட்டவில்லை, படம்தான் வரைந்திருக்கிறார்கள், கட்டி முடித்ததும் விளையாட்டுக்குள் நம் கணக்கில் ஏற்றிவிடுவார்கள் என்றேன். "எப்ப?" தேதி போடவில்லை என்றேன். கொஞ்ச நேரம் திரையையே பார்த்தார். "காசு குடுக்கப் போறது நீ. அப்ப அவன்தானே உனக்குக் கட்டுப்பட்டு நிக்கணும்? நீ எதுக்குடா அவன் வாயைப் பாத்துக்கிட்டு இருக்கணும்?" என்று கேட்டுவிட்டு மோர் குடிக்க உள்ளே போய்விட்டார்.

அந்தக் கேள்விதான் இந்த விமர்சனத்துக்கு அளவுகோல். கிராஃபிக்ஸ் எப்படி, எந்தக் கப்பல் வேகம், எந்த கார்டு போட்டால் ஓடும் என்பதையெல்லாம் சொல்ல யூடியூபில் ஆயிரம் பேர் இருக்கிறார்கள். நான் மண்டபத்தில் ஒரு ஐஸ் ஃபேக்டரியில் கணக்கு எழுதுகிறவன், எனக்குத் தெரிந்தது காசு எந்தப் பக்கம் போகிறது, கொடுத்த பிறகு யார் கை மேலே இருக்கிறது என்பது மட்டும்தான். ஆன்லைனில் ஆடும் திறந்தவெளி விண்வெளி விளையாட்டுகள், அதாவது கதை என்று ஒன்றைத் திணிக்காமல் "இந்தா கப்பல், அதோ நட்சத்திரம், சுரங்கம் தோண்டு, சரக்கு ஏற்று, கொள்ளையடி, உன் இஷ்டம்" என்று விட்டுவிடுகிற வகை, அவற்றில் ஏழெட்டு வருடமாக நேரமும் காசும் போட்டிருக்கிறேன்.

முன்பணம் என்றால் எங்கள் கரையில் என்ன அர்த்தம் என்று வெளியூர்க்காரர்களுக்கு முதலில் சொல்லிவிடுகிறேன். வலை வாங்க, இன்ஜின் மாற்ற, படகையே புதிதாகக் கட்ட மீன் வியாபாரியிடம் பணம் வாங்குவார்கள். வட்டி என்று தனியாகப் பேச்சு இருக்காது, ஆனால் பிடித்து வரும் இறாலும் நண்டும் கணவாயும் அவருக்குத்தான் போட வேண்டும், அவர் சொல்கிற விலைக்குத்தான், கடன் அடையும்வரை பக்கத்துத் தராசுப் பக்கம் தலை வைத்துப் படுக்க முடியாது. நல்ல ஏற்பாடு என்று சொல்ல வரவில்லை, எங்கள் குடும்பமே இதில் மாட்டிப் பல வருடம் முழித்தது. ஆனால் ஒன்று தெளிவு: பணம் வாங்கியவன் கட்டுப்பட்டவன். படகு கட்டும் ஓடாவிக்குக் கொடுப்பதும் அப்படித்தான். ஏரா மரம், அதாவது படகின் அடிமரம், வைத்ததும் ஒரு பங்கு, பலகை அடித்ததும் ஒரு பங்கு, இன்ஜின் ஏறித் தண்ணீரில் இறக்கியதும் மீதி. பாதியில் ஆள் காணாமல் போனால் மீதிப் பணமாவது நம் மடியில் இருக்கும்.

கிரவுட்ஃபண்டிங்கில், அதாவது பொருள் வருவதற்கு முன்பே பலரிடம் காசு திரட்டுவதில், இது அப்படியே தலைகீழ். மொத்தப் பணமும் முதல் நாளே போய்விடுகிறது, கொடுத்தவர்கள்தான் பிறகு கட்டுப்பட்டு நிற்கிறார்கள். போட்ட காசை நியாயப்படுத்த அவர்களே அந்த விளையாட்டுக்கு வக்கீலாகவும் மாறிவிடுகிறார்கள், இதை என் அனுபவத்தில் சொல்கிறேன். சில வருடம் முன்பு ஒரு சின்ன விண்வெளி விளையாட்டுக்கு, பெயர் வேண்டாம், இரண்டாயிரத்துச் சொச்சம் ரூபாய் போட்டேன். முதல் மாதங்களில் வாரம் தவறாமல் செய்தி வந்தது, பிறகு மாதம் ஒருமுறை, பிறகு "புது இன்ஜினுக்கு மாற்றுகிறோம்" (விளையாட்டை ஓட்டும் மென்பொருளைச் சொல்கிறார்கள்) என்று ஒரு நீண்ட கடிதம், அதன் பிறகு வாடைக் காலத்துக் கரை மாதிரி ஒரே அமைதி. அந்த அமைதியிலும் ஆறு மாதம் நான் மற்றவர்களோடு சண்டை போட்டேன், "பொறுமையா இருங்க, நல்லா வரும்" என்று. இரண்டாயிரம் ரூபாய்க்கு அவ்வளவு விசுவாசம். இப்படிக் காசு திரட்டித் தரும் கிக்ஸ்டார்ட்டர் தளம் இதை மறைக்கவும் இல்லை, தாங்கள் கடை இல்லை என்று 2012 செப்டம்பரிலேயே எழுதிவைத்துவிட்டார்கள். குறித்த தொகை சேரவில்லை என்றால் யாரிடமும் காசு எடுக்க மாட்டார்கள், அது நல்ல விதி. சேர்ந்துவிட்டால் அதற்கப்புறம் நமக்கும் செய்கிறவருக்கும் இடையே நடப்பதுதான்.

அந்த எழுத்து வந்த அடுத்த மாதமே ஆரம்பித்ததுதான் ஸ்டார் சிட்டிசன். சித்தப்பா பார்த்த கப்பல் அதில் உள்ளது. விளையாட்டு செய்வதில் பழைய கையான கிறிஸ் ராபர்ட்ஸ் 2012 அக்டோபரில் அறிவித்தார், கிக்ஸ்டார்ட்டரில் சுமார் 21 லட்சம் டாலர், தன் சொந்தத் தளத்தில் வந்ததையும் சேர்த்து நவம்பரில் 62 லட்சம் டாலர். விளையாட்டு 2014 நவம்பரில் வரும் என்று பேச்சு. அப்புறம் கதை வேறு பக்கம் போனது. கிக்ஸ்டார்ட்டரோடு நிறுத்தாமல் தன் தளத்திலேயே கப்பல் விற்றுப் பணம் சேர்த்துக்கொண்டே போனார்கள், 2022 செப்டம்பரில் 50 கோடி டாலரைத் தாண்டியது, 2025-ல் 80 கோடி டாலரையும் தாண்டிவிட்டது. ரூபாயில் போட்டால் ஏழாயிரம் சில்லறை கோடி வரும், புதுப் பாம்பன் பாலம் மாதிரி எத்தனை கட்டலாம் என்று ஃபேக்டரியில் ஒருநாள் கணக்குப் போட்டுச் சிரித்தோம். விளையாட்டு இன்னும் ஆல்ஃபா, அதாவது முடியாத சோதனைப் பதிப்பு. நூறு நட்சத்திர மண்டலம் என்று ஆரம்பத்தில் சொன்னார்கள், இரண்டாவது மண்டலம் உள்ளே வந்தது 2024 டிசம்பரில்.

ஏமாற்று வேலை என்று ஒரே வார்த்தையில் முடிப்பவர்களோடு எனக்கு உடன்பாடு இல்லை. உள்ளே ஒரு பெரிய பொருள் இருக்கிறது, ஆயிரக்கணக்கான பேர் தினமும் ஆடுகிறார்கள், கோளிலிருந்து கப்பலில் ஏறி, உள்ளே நடந்து, படுக்கையில் படுத்து எழுந்து, வேறொரு கோளில் இறங்குவதுவரை எங்கும் திரை மாறாமல் போகிற அனுபவம் வேறு எங்கும் இதே அளவில் இல்லை. 45 டாலர் ஆரம்பப் பொதி வாங்கியவரும் பல்லாயிரம் டாலர் போட்டவரும் ஒரே உலகத்தில்தான் இருக்கிறார்கள். ஆடி சம்பாதித்தும் பல கப்பல்களை வாங்கலாம். ஆனால் ஆல்ஃபா என்பதால் அவ்வப்போது கணக்கைத் துடைத்துவிடுவார்கள், ஆடிச் சேர்த்தது போய்விடும், நிஜக் காசில் வாங்கிய கப்பல் மட்டும் நிற்கும். பாருங்கள், எந்தக் கப்பல் கரையில் கட்டியிருக்கும், எது அலையோடு போகும் என்பதைக் காசுதான் முடிவு செய்கிறது. கடை வைத்தவன் வாய் திறந்து "வாங்கு" என்று சொல்லவே வேண்டாம்.

ஆயிரம் டாலரைத் தாண்டும் கப்பல்கள் உண்டு. 2018-ல் அதுவரை வந்த கிட்டத்தட்ட எல்லாக் கப்பலையும் ஒரே மூட்டையாகக் கட்டி 27,000 டாலருக்கு வைத்தார்கள், அதைப் பார்ப்பதற்கே நீங்கள் ஏற்கெனவே 1,000 டாலர் செலவு செய்தவராக இருக்க வேண்டும். நகைக்கடையில்கூட கண்ணாடிக்கு வெளியே நின்று பார்க்க விடுவார்கள்.

பணம் திரும்பக் கேட்கும் விதியில்தான் சித்தப்பாவின் கேள்விக்கு நேரடி பதில் இருக்கிறது. ஆரம்பத்தில், சொன்ன தேதிக்குப் பிறகு 12 மாதத்தில் கொடுக்கவில்லை என்றால் திரும்பக் கேட்கலாம் என்று இருந்தது, அது 18 மாதம் ஆனது, 2016-ல் அந்தக் கெடுவையே எடுத்துவிட்டார்கள். இப்போது வாங்கிய 30 நாளுக்குள் கேட்டால் உண்டு, அதோடு சரி. அதே நிறுவனத்தில் 2018 கடைசியில் வெளி முதலீட்டாளர் ஒரு குடும்பம் 4.6 கோடி டாலர் போட்டது, அவர்களுக்குச் சுமார் பத்து சதவீதப் பங்கும் இயக்குநர் குழுவில் இடமும் கிடைத்தது. அதற்குள் சாதாரண விளையாட்டுக்காரர்கள் 20 கோடி டாலருக்கு மேல் கொடுத்து முடித்திருந்தார்கள், அவர்களுக்குக் கிடைத்த பங்கு பூஜ்யம், படம் போட்ட கப்பல்கள் கிடைத்தன. எங்கள் ஊர் வியாபாரி நாலு லட்சம் கொடுத்தாலே லாஞ்சின் மூச்சுக்காற்று வரை அவர் கையில் இருக்கும் (கொடுமைதான், ஆனால் இருக்கும்). இங்கே ஐந்தில் ஒரு பங்கு கூடக் கொடுக்காதவர் முதலாளி ஆகிறார், மீதியைக் கொடுத்தவர்கள் வாடிக்கையாளர்.

இன்னொன்று, முடிக்காமல் இருப்பதுதான் இங்கே வருமானம். அவர்கள் வேண்டுமென்றே இழுக்கிறார்கள் என்று சொல்லவில்லை, அப்படிச் சொல்ல என்னிடம் ஆதாரம் கிடையாது. ஆனால் படகைத் தண்ணீரில் இறக்கினால்தான் மீதிப் பணம் என்று இருந்தால் ஓடாவி ராத்திரியிலும் ஆணி அடிப்பார், அடுத்த படகின் படத்தைக் காட்டினாலே இந்தப் படகுக்கு ஆகும் செலவைவிட அதிகம் வருகிறது என்றால் எந்த ஓடாவியும் பென்சிலைத்தான் முதலில் எடுப்பார். விளம்பரங்களில் இன்னும் உள்ளே வராத கப்பலை வராதது என்று தெளிவாகச் சொல்லுங்கள் என 2021-ல் பிரிட்டனின் விளம்பரக் கண்காணிப்பு அமைப்பு சொல்ல வேண்டி வந்தது.

என் தீர்ப்பு: ஆசை இருந்தால் அவர்களே அவ்வப்போது விடும் இலவச நாட்களில் ஏறிப் பாருங்கள். நூறு ஜிபிக்கு மேல் இறக்க வேண்டும், எஸ்எஸ்டி என்ற வேக டிஸ்க் இல்லாமல் தொடாதீர்கள். பிடித்தால் 45 டாலர், அன்றைக்கு உள்ளே என்ன இருக்கிறதோ அதற்கு மட்டும். நாளைக்கு வரப்போவதற்கு ஒரு சல்லி கூட வேண்டாம்.

எலைட் டேஞ்சரஸ் என்ற அடுத்த விளையாட்டைப் பற்றிச் சுருக்கமாக முடித்துவிடலாம், ஏனென்றால் அது கிட்டத்தட்ட ஒழுங்கான வியாபாரம். டேவிட் பிரேபனின் ஃபிரான்டியர் நிறுவனம் 2012 நவம்பரில் கிக்ஸ்டார்ட்டரில் 12.5 லட்சம் பவுண்டு கேட்டது, 2013 ஜனவரி தொடக்கத்தில் 15.78 லட்சம் பவுண்டு கிடைத்தது, 2014 டிசம்பர் 16 அன்று விளையாட்டு வந்துவிட்டது. இரண்டே வருடம். ஒரு கறை உண்டு: இணையம் இல்லாமலும் ஆடலாம் என்று சொல்லியிருந்தார்கள், வெளியாக ஒரு மாதம் இருக்கும்போது அது கிடையாது என்றார்கள், காசு போட்டவர்கள் கொதித்துப் போனார்கள். காற்று கொஞ்சம் வேகமாக அடித்தாலே இணையம் படுத்துவிடும் எங்கள் கரையில் அது சின்ன விஷயம் இல்லை என்பது உங்களுக்கே புரியும். மற்றபடி ஒருமுறை வாங்கினால் போதும், மாதக் கட்டணம் இல்லை, நம் பால்வீதி அளவில் 40,000 கோடி நட்சத்திர மண்டலம், ஸ்டீம் என்ற ஆன்லைன் விளையாட்டுக் கடையில் தள்ளுபடி நாளில் பிரியாணி விலைக்கு வந்துவிடும்.

ஆனால் ஒருமுறை விற்று வருடக்கணக்கில் சர்வர் ஓட்டுவது எந்தக் கணக்கிலும் நிற்காது. ஐஸ் பாரை ஒரே தடவை விற்றுவிட்டு ஆயுசுக்கும் உருகாமல் பார்த்துக்கொள்கிறேன் என்று எங்கள் முதலாளி சொன்னால் மறுநாளே கரண்ட் பில் அவரைக் கொன்றுவிடும். அதனால்தான் அவர்கள் பெரிய விரிவாக்கங்களைத் தனியாக விற்றார்கள், 2019-ல் ஆர்க்ஸ் என்ற கடைக் காசு கொண்டுவந்தார்கள், முதலில் கப்பலுக்கு வண்ணம் பூசுவது மாதிரி அலங்காரத்துக்கு மட்டும். 2024 மே மாதம் பைத்தான் மார்க் 2 என்ற புதுக் கப்பலை ஆர்க்ஸ் கொடுப்பவர்களுக்கு மூன்று மாதம் முன்னதாகவே கொடுத்தார்கள், ஆடிச் சம்பாதிப்பவர்கள் காத்திருக்க வேண்டும். இது கோடு தாண்டிய வேலை என்று பலர் சொன்னார்கள். எனக்கு அவ்வளவு கோபம் வரவில்லை. கட்டி முடித்த கப்பல், இன்றைக்கே ஓட்டலாம், மூன்று மாதம் பொறுத்தால் இலவசம். வரும் வருமானத்தில் விளையாட்டுக்கு மறுபடி உயிர் வந்தது கண்ணுக்குத் தெரிகிறது.

(நோ மேன்ஸ் ஸ்கை என்ற இன்னொரு விண்வெளி விளையாட்டைப் பற்றிக் கேட்பீர்கள். அதில் கிரவுட்ஃபண்டிங்கே இல்லை. 2016 ஆகஸ்டில் முழு விலைக்கு வந்தது, சொன்னதில் பாதி இல்லை என்று உலகமே திட்டியது, அதன் பிறகு வந்த எல்லாப் பெரிய அப்டேட்டும் இலவசம். சின்னக் கூட்டம், புதிதாக வாங்குகிறவர்களின் காசிலேயே ஓடுகிறார்கள். எல்லோராலும் முடியாத வித்தை, அதனால் மாதிரியாகக் காட்ட மாட்டேன்.)

சரி, ஈவ் ஆன்லைன். இதற்குத்தான் இவ்வளவு நேரம் சுற்றி வந்தேன்.

ஐஸ்லாந்தின் சிசிபி நிறுவனம், 2003 மே மாதம் வந்தது. சீனா தவிர எல்லாரும் ஒரே சர்வரில், ஒரே சந்தையில். மாதச் சந்தா. கிட்டத்தட்ட இருபது வருடம் 15 டாலர் பக்கத்திலேயே நின்றது, 2022 மே மாதம் 19.99 டாலர் ஆக்கினார்கள், நம் காசில் 1,700 ரூபாய்க்குக் குறையாது. ஒரு விளையாட்டுக்கு மாதம் 1,700 என்பது எங்கள் பக்கத்தில் வாய்விட்டுச் சொல்லக்கூடிய தொகை இல்லை, அம்மாவுக்குத் தெரிந்தால் வீட்டில் சோறு கிடைக்காது. ஆனாலும் சித்தப்பாவின் கேள்வியை இதற்குப் போட்டால், இங்கேதான் காசு வாங்கியவன் கொஞ்சமாவது கட்டுப்பட்டு நிற்கிறான். அடுத்த மாதமும் நீங்கள் கட்ட வேண்டுமே. ஐஸ் வியாபாரமும் இதேதான். பார் வெளுத்துப் போய் உள்ளே காற்று இருந்தால், பெட்டியில் சீக்கிரம் உருகினால், லாஞ்சுக்காரர் சண்டை எல்லாம் போட மாட்டார், அடுத்த நாள் வண்டி வேறு ஃபேக்டரி வாசலில் நிற்கும்.

2011-ல் அது கண்ணுக்கு முன்னால் நடந்தது. கதாபாத்திரத்துக்கு அலங்காரம் விற்கும் கடையைத் திறந்தார்கள், அதில் ஒற்றைக் கண்ணாடி ஒன்று சுமார் 60 டாலர். கண்ணாடி விலையைவிட, இனி இன்னும் என்னென்ன விற்கலாம் என்று நிறுவனத்துக்குள் பேசிய எழுத்துகள் வெளியே கசிந்ததில்தான் தீப்பிடித்தது. ஜிட்டா என்ற பெரிய சந்தை மண்டலத்தில் ஆயிரக்கணக்கானவர்கள் கூடி அங்கிருந்த நினைவுச் சின்னத்தைச் சுட்டுக்கொண்டே இருந்தார்கள், கூடவே சந்தாவை ரத்து செய்தார்கள். விளையாட்டுக்காரர்கள் ஓட்டுப் போட்டுத் தேர்ந்தெடுக்கும் குழு ஒன்று உண்டு, அவர்களை ஐஸ்லாந்துக்கே வரவழைத்துப் பேசினார்கள். அக்டோபரில் தலைமை அதிகாரி பகிரங்கமாக மன்னிப்புக் கேட்டார், ஐந்தில் ஒருவருக்கு வேலை போனது. அந்தக் கடைசிப் பாதி எனக்கு உறுத்துகிறது, முடிவெடுத்தவர் ஒருவர், வேலை போனவர் வேறொருவர். ஆனால் கூட்டம் சந்தாவை நிறுத்தியதால்தான் காது கேட்டது.

அடுத்தது பிளெக்ஸ். 2008-ல் கொண்டுவந்தார்கள். இதை மஸ்கட்டில் இருக்கும் என் மாமா மகனை வைத்துச் சொன்னால்தான் புரியும். மச்சானுக்கு அங்கே பன்னிரண்டு மணி நேர வேலை, கையில் கார்டு இருக்கிறது, நேரம் இல்லை. எனக்கு ராத்திரி ஷிஃப்டில் கம்ப்ரஸர் ஓடும் சத்தத்தோடு நேரம் நிறைய இருக்கிறது, டாலர் இல்லை. மச்சான் நிஜக் காசில் பிளெக்ஸ் வாங்கி விளையாட்டுச் சந்தையில் இஸ்க் என்ற உள்நாணயத்துக்கு விற்பான், அந்த இஸ்க்கில் கப்பல் வாங்கி வெள்ளிக்கிழமை இரண்டு மணி நேரம் சண்டை போட்டு வெடித்துவிட்டுத் தூங்கப் போவான். நான் விண்கல்லைத் தோண்டி, சரக்கு ஏற்றி, இஸ்க் சேர்த்து, அதே சந்தையில் பிளெக்ஸ் வாங்கி என் மாதச் சந்தாவைக் கட்டுவேன். 500 பிளெக்ஸ் கொடுத்தால் 30 நாள். நிறுவனத்துக்கு நஷ்டம் இல்லை, எப்படியும் யாரோ ஒருவர் டாலர் கொடுத்துத்தான் அந்த பிளெக்ஸ் பிறந்தது, அதுவும் நேர்ச் சந்தாவைவிடக் கொஞ்சம் கூடுதல் விலைக்கு. வெளிநாட்டுச் சம்பளத்தில் ஊரில் அடுப்பு எரிவது எங்கள் கரைக்குப் புதிதா என்ன, கீழக்கரையில் யாரை வேண்டுமானாலும் கேளுங்கள்.

குறையும் சொல்ல வேண்டும். ஒரு மாதத்துக்கான பிளெக்ஸ் ஆரம்ப வருடங்களில் 30 கோடி இஸ்க் அளவில் இருந்தது, இப்போது 200 கோடியைத் தாண்டிவிட்டது. அதாவது அதே ஒரு மாதத்துக்கு நான் தோண்ட வேண்டிய கல் கூடிக்கொண்டே போகிறது. ஒரு கட்டத்தில் விளையாட்டு போய் கூலி வேலை வந்துவிடும், ஃபேக்டரியிலும் வேலை, வீட்டிலும் வேலை. மாதத்தில் பாதி நாள் சந்தாவுக்காகவே தோண்டுகிறீர்கள் என்றால் நிறுத்திவிடுங்கள். இன்னொரு குறை 2016-ல் வந்த திறன் ஊசிகள். முன்பெல்லாம் ஒரு பெரிய கப்பலை ஓட்டக் கற்க மாதக்கணக்கில் காத்திருக்க வேண்டும், காசு உள்ளவனும் இல்லாதவனும் ஒன்றாகக் காத்திருந்தார்கள். ஊசி வந்ததும் காசு உள்ளவன் காத்திருப்பதில்லை.

பிளெக்ஸால் இன்னொரு வேடிக்கையும் உண்டு, விளையாட்டுக் கப்பலுக்கு டாலர் மதிப்புப் போட முடியும். 2014 ஜனவரி 27 அன்று ஒரு மண்டலத்தின் பராமரிப்புக் கட்டணம் தானாகக் கட்டப்படாமல் நின்றுவிட்டது, உரிமை போனது, எதிரி உள்ளே வந்தான், இரண்டு பக்கமும் சேர்த்து ஏழாயிரத்துச் சொச்சம் பேர், 21 மணி நேரச் சண்டை, டைட்டன் என்ற ராட்சதக் கப்பல்கள் 75 அழிந்தன. பிளெக்ஸ் விலையை வைத்துக் கணக்குப் பார்த்தால் 3 லட்சம் டாலர் கடலில் கொட்டியது மாதிரி. எல்லாம் ஒரு ஆட்டோ டெபிட் போகாததால்.

ஆட்டோ டெபிட் என்றதும் நம் ஊர்ப் பிரச்சினைக்கு வருகிறேன், வெளிநாட்டு விமர்சனங்களில் இது இருக்காது. 2021 அக்டோபர் 1 முதல் ரிசர்வ் வங்கியின் புது விதிப்படி கார்டில் மாதாமாதம் தானாக எடுப்பதற்குத் தனி ஒப்புதல் வேண்டும், எடுப்பதற்கு 24 மணி நேரம் முன்பே வங்கி தகவல் சொல்ல வேண்டும், அந்த ஏற்பாட்டில் சேராத வெளிநாட்டு நிறுவனங்களின் சந்தா எல்லாம் அன்றைக்கு அறுந்தது. எனக்கு அது நல்லதாகத்தான் போனது, மறந்துபோய் ஓடும் சந்தா என்று எதுவும் இல்லை. ஆனால் என் வங்கியில், அதன் பெயரும் வேண்டாம், கார்டில் வெளிநாட்டுப் பரிவர்த்தனையைத் திறக்கவே இரண்டு தடவை ராமநாதபுரம் போனேன். முதல் தடவை கவுண்டரில் இருந்தவர் எதற்கு என்று கேட்டார். கப்பல் வாங்க என்றேன். நான் கிண்டல் செய்வதாக நினைத்துவிட்டார், அவரைக் குற்றம் சொல்ல முடியாது. புதுக் கார்டுகளில் இந்த வசதி மூடித்தான் வரும், பல வங்கிகளில் ஆப்பிலேயே திறந்துகொள்ளலாம், முதலில் அங்கே தேடுங்கள், பஸ் காசு மிச்சம். டாலரில் கட்டினால் பெரும்பாலான கார்டுகளில் இரண்டிலிருந்து மூன்றரை சதவீதம் மாற்றுக் கட்டணம், அதன் மேல் ஜிஎஸ்டி. ஸ்டீம் வழியாக வாங்குபவற்றுக்கு யுபிஐ போதும், கார்டே வேண்டாம், வாங்கி 14 நாளுக்குள் இரண்டு மணி நேரத்துக்குக் குறைவாக ஆடியிருந்தால் பணமும் திரும்ப வரும். எலைட் அங்கே இருக்கிறது. ஸ்டார் சிட்டிசன் ஸ்டீமில் இல்லை, அவர்கள் தளத்தில்தான்.

வேகம் பற்றியும் ஒரு வார்த்தை. ஈவ் சர்வர் லண்டனில் இருக்கிறது, ஆனால் விளையாட்டே நொடிக்கு ஒரு துடிப்பாகத்தான் ஓடும், அதனால் பாம்பனிலிருந்து மொபைல் டேட்டாவில் ஆடினாலும் பெரிய இழப்பு இல்லை. பெரிய சண்டையில் சர்வரே காலத்தைப் பத்தில் ஒரு பங்காக மெதுவாக்கிவிடும், அப்போது எல்லோரும் நம் நெட் வேகத்துக்கு இறங்கி வருவார்கள். அந்த சமத்துவம் எனக்கு ரொம்பப் பிடிக்கும்.

2016 நவம்பரிலிருந்து ஈவில் இலவசக் கணக்கும் உண்டு. சில திறன்கள் மட்டும், ராட்சதக் கப்பல்கள் கிடையாது, ஆனால் கால வரம்பு இல்லாமல் ஆடலாம். சந்தாவை நிறுத்தினால் கணக்கு அழியாது, இலவச நிலைக்கு இறங்கும், மேலே கற்ற திறன்கள் பூட்டிக்கொள்ளும், மறுபடி கட்டினால் திறக்கும். இதுதான் இந்தக் கரைக்கு எழுதிவைத்த மாதிரி இருக்கிறது. ஏப்ரல் 15 முதல் ஜூன் 14 வரை 61 நாள் மீன்பிடித் தடைக்காலம், லாஞ்சு எல்லாம் கட்டிக் கிடக்கும், ஐஸ் ஃபேக்டரியில் பாதி கேனைக்கூட நிரப்ப மாட்டோம், ஆட்களுக்கு நேரம்தான் மிச்சம். அந்த இரண்டு மாதத்துக்கு மட்டும் சந்தா, தடை முடிந்ததும் இலவசத்துக்கு இறங்கி அவ்வப்போது எட்டிப் பார்த்தால் போதும். முழு வருடச் சந்தா சேர்த்து வாங்கினால் மாதத்துக்குக் குறையும் என்று காட்டுவார்கள், எங்கள் ஆட்கள் அதற்கு மயங்க வேண்டாம், கடலுக்குப் போகும் மாதங்களில் யார் ஆடுவது?

சித்தப்பா மகன், எனக்குத் தம்பி, அப்படித்தான் செய்கிறான். மாசியிலிருந்தே கொஞ்சம் கொஞ்சமாக இஸ்க் சேர்த்து 1,000 பிளெக்ஸ் வாங்கி வைத்துவிட்டான், இரண்டு மாதத்துக்குச் சரியாக இருக்கும், கையிலிருந்து ஒரு ரூபாய் போகவில்லை. நான் விலை பார்த்துக்கொண்டிருந்த அந்தக் கப்பலை அவனிடம் காட்டினேன். அவன் அப்பா கேட்டதையே அவனும் கேட்டான், எங்கே கிடக்கு என்று. திரையில் அந்த ஜன்னலை மூடிவிட்டேன்.

தினமும் நம் நேரம் மாலை நாலரைக்கு ஈவ் சர்வரைச் சில நிமிடம் மூடுவார்கள். தம்பி அந்த நேரத்தில் கரைக்கு வலை பொத்தப் போகிறான். சர்வர் திறந்த பிறகும் வருவதில்லை, வலை பாதியில் நிற்கிறதாம்.